கரண்ட் இல்லாத நாளில் ஓடிய மிஷின்

காரைக்குடி செக்காலை ரோட்டில் அன்றைக்குக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மாதாமாதம் நடக்கிற பராமரிப்பு வேலைதான், சாயங்காலம்வரை வராது. இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் பர்வீன் பானுவுக்கு இந்த மாதிரி நாட்களில் போன் ஓயாது. "ஃபேன் சுத்தலைக்கா", "பீப் பீப்புன்னு கத்துதுக்கா" என்று ஊரே கூப்பிடும். எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்து, கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

அது பழைய மினி கம்ப்யூட்டர்காரர்களின் பக்கம். மினி என்று பெயர்தானே தவிர ஒவ்வொன்றும் பீரோ அளவு இருக்கும். மேஜைக்கு மேல் கம்ப்யூட்டர் வராத காலத்தில் மில்லிலும் பேங்கிலும் கல்லூரியிலும் வைத்திருந்தவை. ஏலத்திலும் பழைய இரும்புக் கடையிலும் கிடப்பதைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, செத்த பாகங்களை மாற்றி ஓட வைக்கிற பைத்தியம் பிடித்தவர்கள் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓட வைத்த மிஷின்களை இன்டர்நெட் வழியாக ஒன்றோடொன்று பிணைத்திருந்தார்கள். இதனால் யாருக்கும் காலணா பிரயோசனம் கிடையாது. ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்குக் கடிதம் போடுவார்கள், செஸ் ஆடுவார்கள், ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த மிஷின் ஓடுகிறதோ அதன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், நின்றிருந்தால் சிவப்பு.

அவர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. நிஜ மிஷினாக இருக்க வேண்டும். இன்றைக்கு உள்ளங்கை அகல போர்டு ஒன்றில் புரோகிராமை ஏற்றிவிட்டால் அது அப்படியே பழைய மிஷின் மாதிரி நடிக்கும். அப்படி நடிப்பதை அவர்கள் 'டூப்பு' என்பார்கள். டூப்புக்கு அங்கே இடமில்லை.

கடைக்கு மாடியில் இருந்த பானுவின் மிஷினுக்குச் சிவப்பு. கரண்ட் இல்லையே, இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் குமரப்பன் அண்ணனின் மிஷினுக்குப் பச்சை எரிந்தது.

பக்கத்தை மூடித் திறந்து பார்த்தாள். பச்சைதான்.

குமரப்பன் வீட்டுக்கும் கடைக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அந்த வீட்டு இன்வெர்ட்டரை மாட்டியவளே அவள்தான். நாலு ஃபேனும் சில விளக்குகளும் இன்டர்நெட் பெட்டியும் தாங்கும். மிஷினுக்கு உள்ளே இருக்கிற காற்றாடிகளை மட்டும் அதில் மாட்டினால்கூடக் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும்.

"ஜெனரேட்டர் வச்சிருப்பாக," என்றார் சாதிக் அலி. அவள் கணவர். வயரிங் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாம ஜெனரேட்டரா?"

"ஊருல எல்லாரும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வாங்கணுமாக்கும்?"

அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். குமரப்பன் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அவரும் அவர் மனைவி உமையாள் ஆச்சியும் மட்டும் ஒரு பகுதியில் புழங்கினார்கள். வாசலில் வண்டியை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். ஜெனரேட்டர் சத்தம் இல்லை. மிஷின் சத்தமும் இல்லை. அது ஓடினால் வாசல்வரை இரைச்சல் கேட்கும். நெல் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆச்சி நிலைப்படிக்கு வந்தார். "வாம்மா பானு. அவுக அசந்து தூங்குறாகளே."

"மிஷின் ஓடுதான்னு பாக்க வந்தேன் ஆச்சி."

"மிஷினா..." ஆச்சி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அங்குட்டு ரூமுல பெயிண்ட் வேலை நடக்குதும்மா. ஒரே தூசி. இன்னொரு நா வாயேன்."

சரி என்று கிளம்பியவள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டுச் சுவருக்குப் பெயிண்டா? சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசித் தேய்த்த சுவர். கை வைத்தால் வழுக்கும். அதன்மேல் பெயிண்ட் நிற்காது, அடிக்கவும் யாருக்கும் மனசு வராது. போதாததற்கு ஆச்சியின் கண் வேறு அவளைப் பார்க்காமல் பேசியது.

இது வெறும் ஊர் வம்பு என்றால் பானு விட்டிருப்பாள். அந்த மிஷினுக்குள் அவளுடைய பொருள் ஒன்று இருந்தது.

போன வருடம் குமரப்பன் மிஷினின் மெமரி போர்டு செத்துப்போனது. அந்தக் காலத்து மெமரி என்பது கடுகை விடப் பொடியான காந்த வளையங்களை மெல்லிய கம்பியில் கோத்து நெய்தது. கையால் நெய்திருப்பார்கள். இப்போது யாரும் செய்வதில்லை. பானுவிடம் இரண்டு இருந்தன. ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். வயதில் அப்பாவாகும் அளவு மூத்தவர், அண்ணே என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுகிறவர், அன்றைக்கு அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த மாதிரிப் போர்டுக்கு அலைவது இருவருக்குமே தெரியும்.

மறுநாள் கரண்ட் இருந்தது. குமரப்பனுக்குப் போன் போட்டாள். "எங்கண்ணே இருக்கீக?"

"மிஷின் பக்கத்துலதாம்மா. காலையில இருந்து ஓடிக்கிட்டு இருக்கு, ஜோரா."

எப்போதும் மிஷினுக்குப் பக்கத்திலிருந்து பேசினால் கத்துவார். 'என்னா? என்னா?' என்று நாலு தரம் கேட்பார். இன்றைக்குக் குரல் தாழ்ந்து, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி வந்தது. பின்னால் டி.வி.யில் யாரோ மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்து கரண்ட் இல்லாதப்பவும் ஓடுச்சே?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மருமகள் மட்டும் அழுதாள். "அப்படியா காமிச்சுச்சு? அந்தப் பக்கத்துல ஏதாவது கோளாறா இருக்கும்மா. சரி, ஆச்சி கூப்புடுறா."

அன்று மாடிக்குப் போய் தன் மிஷினைப் போட்டாள். சூடேறி நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, வரிசையாக மற்ற மிஷின்களின் கடிகாரத்தைக் கேட்டாள். இந்த மிஷின்களுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது இல்லையா, அந்தத் துடிப்பை எண்ணித்தான் மணி கணக்குப் பண்ணும். சாயங்காலம் ஊரெல்லாம் மோட்டாரும் ஏ.சி.யும் போட்டால் துடிப்பு கொஞ்சம் சுணங்கும். மிஷின்களின் மணியும் பின்தங்கும். விடியற்காலையில் துடிப்பு முந்தினால் மணியும் முந்தும். நாடு முழுக்க ஒரே கரண்ட் என்பதால் காரைக்குடி மிஷினும் பெங்களூர் மிஷினும் ஒன்றாகத்தான் பிந்தும், ஒன்றாகத்தான் முந்தும்.

எல்லாம் பிந்தியிருந்தன, ஒரே அளவில். குமரப்பனுடையது மட்டும் செல்போன் காட்டுகிற மணியை அச்சடித்த மாதிரி காட்டியது.

ஐம்பது வருடத்துக் கிழட்டு மிஷின் அப்படிக் காட்டாது. அது டூப்புதான்.

சிவகங்கை முத்துராமனைக் கூப்பிட்டாள். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்ப்பவர். பிணைப்பு வேலை முழுவதும் அவர் கைவண்ணம். மிஷினில் புரோகிராம் ஏற்றுவது என்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கைக்கடிகாரத்துல இருக்கிற மாதிரி தனியா கிரிஸ்டல் போட்டிருப்பாரு பானு. சில பேரு போடுவாக."

"கரண்ட் இல்லாதப்ப?"

"பக்கத்துத் தெரு லைன்ல இருந்து வயர் இழுத்திருப்பாரு. பெரிய வீடு, ரெண்டு தெருவுக்கும் வாசல் இருக்குல்ல? பெரியவரு. விடுங்க. இதைப் போயி குரூப்புல கிளப்பி மனசைக் கஷ்டப்படுத்தாதீக."

போனை வைத்த பிறகும் அவள் அந்த இடத்திலேயே நின்றாள். பதில் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக வந்தது. யோசிக்கவே இல்லையே மனுஷன். அடுத்த தெருவுக்கும் அதே ஷட்டவுன் என்பது சிவகங்கைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேட்ட உடனே, "அப்படியா? ஆச்சரியமா இருக்கே" என்று ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டாமா?

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. பழம்பொருள் கடைகள் இருக்கிற தெருவுக்கு ஒருநாள் போய், பீங்கான் ஜாடிக்கும் மரத்தூணுக்கும் நடுவே நுழைந்து, "பழைய கம்ப்யூட்டர் சாமான் ஏதாச்சும் வந்துச்சா பாய்?" என்று விசாரித்தாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளிநாட்டு விற்பனைப் பக்கங்களில் மெமரி போர்டு படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முன்பு ஈயம் பற்றவைத்தபோது தன் சூட்டுக்கோல் பட்டு ஓரத்தில் விழுந்த தழும்பு தெரிகிறதா என்று பார்த்தாள். ஒன்றிலும் இல்லை.

"ஒரு போர்டுக்காக இப்புடிப் போலீஸ் வேலை பாக்குறியே," என்றார் சாதிக். "நேராப் போயி கேளு. குடுத்தவ நீ."

"கேட்டா பெயிண்டுன்னுவாக."

"அப்ப விட்டுரு."

"நம்ம வீட்டுல சாப்பிட்ட மனுசருங்க. பொய் சொல்லுறாருன்னு தெரிஞ்சுக்கிட்டு எப்புடி விடுறது?"

நோன்புக் கஞ்சி நாளில் வந்து, தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு, இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்த குமரப்பன் சாதிக்கின் நினைவிலும் இருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஆச்சியே போன் செய்தார். இன்வெர்ட்டர் கத்துகிறதாம். "அவுக சிவன் கோயிலுக்குப் போயிருக்காக. நீ சட்டுனு வந்து பாத்துட்டுப் போயிரும்மா." அந்தச் 'சட்டுனு'தான் பானுவைக் குத்தியது. பேட்டரித் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்வெர்ட்டர் இருந்தது பின்கட்டு நடையில். அதை ஒட்டித்தான் மிஷின் அறை. தண்ணீர் ஊற்றி முடித்தாள், சத்தம் நின்றது. இன்வெர்ட்டரிலிருந்து போகிற வயர்களை அவள்தான் அன்றைக்கு இழுத்தாள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியாத வயர் ஒன்று இருந்தது. மெல்லிசு, செல்போன் சார்ஜர் வயர் மாதிரி. அது கதவுக்கு அடியில் நுழைந்து மிஷின் அறைக்குள் போயிருந்தது. கதவில் பூட்டு.

"சாவி எங்க ஆச்சி?"

ஆச்சி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நான் குடுத்த சாமான் உள்ள இருக்கு ஆச்சி. இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுப் போயிருறேன்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. குமரப்பன், நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல். பானுவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதலில் அவளுக்கு என்ன பார்க்கிறோம் என்றே புரியவில்லை. மிஷின் தங்க நிறத்தில் இருந்தது. தேர்ச்சிலைக்கு அடிக்கிற மாதிரி, பட்டன் விளக்கு என்று பார்க்காமல் தலையிலிருந்து கால்வரை தங்கப் பெயிண்ட். முன்பலகை நடுவில் குழிந்து, விளக்குகள் நொறுங்கி, ஒரு பக்கத் தகடு உள்வாங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின்மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி, ஒற்றை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பங்குனியில வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டோம்ல," என்றார் குமரப்பன். பானுவுக்குத் தெரியும். காரைக்குடியில் எந்தப் பெரிய வீட்டில்தான் ஷூட்டிங் நடக்கவில்லை. "ஆர்ட் டைரக்டர்னு ஒரு தம்பி. வில்லனோட ரகசிய ரூமுக்கு இந்த மிஷின் வேணும்னாரு. விளக்கெல்லாம் எரிஞ்சு எரிஞ்சு அணையணும்னாரு. எனக்கு ஆசை வந்துருச்சும்மா. எத்தனை வருசமா இதைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். நம்ம பத்துப் பேரைத் தவிர யாரு பாத்தா? தியேட்டருல ஊரே பாக்கும்ல?"

"பெயிண்ட்?"

"கழுவுனா போயிரும்னாக. அடிச்சுப்புட்டுச் சொன்னாக." குழிந்த முன்பலகையைத் தடவினார். "சண்டைக் காட்சி. ஒரு பையன் கயித்துல தொங்கி வந்து அட்டைப் பெட்டி மேல விழணும். கயிறு வழுக்கி இது மேல வந்து விழுந்துட்டான். விலா ஒடஞ்சுபோச்சு. வாயில ரத்தம். எல்லாரும் அவனைத் தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுறாக. அந்த நேரத்துல என் மிஷினு போச்சேன்னு எப்புடிச் சொல்லுறது? சொல்லலை. மறுநாளும் சொல்லலை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"உன் போர்டு உள்ள இருந்துச்சே பானு."

அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றியிருந்தது. பிரித்தாள். ஓரத்தில் சூட்டுக்கோல் தழும்பு. அவளுடையதுதான். கோபம் அடங்கும் என்று நினைத்தாள், அடங்கவில்லை. விழுந்தது விபத்து. ஆனால் அதன்பிறகு தினம்தினம், 'இன்னைக்கு ஜோரா ஓடுதும்மா' என்று சொன்னாரே, அதற்கு எந்தக் கயிறு வழுக்கியது?

மிஷினைச் சுற்றி வந்தாள். அவளுக்கு இப்போது எதையும் ஒருமுறை பார்த்தால் போதவில்லை. பின்பக்கத் தகட்டைத் தள்ளினாள். கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

"டிஸ்க் எங்கண்ணே?"

கிரைண்டர் அளவு கனமுள்ள டிஸ்க் டிரைவ் அது. இந்த மிஷின்களில் முதலில் சாவது அதுதான். ஓடுகிற டிஸ்க் அவர்கள் கூட்டத்தில் மூன்று பேரிடம்கூட இல்லை.

"அது... ரிப்பேருக்கு."

"யாருக்கிட்ட?"

குமரப்பன் தரையைப் பார்த்தார். அந்தச் சின்னப் பெட்டியை பானு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஸ்குரூவைத் திருப்பச் சொன்னால் குமரப்பன் நாள் முழுக்கத் திருப்புவார். புரோகிராம் ஏற்றுகிற வேலை அவருக்கு வராது. இதை வேறு ஒருவர்தான் வந்து மாட்டியிருக்க வேண்டும். நினைத்த உடனேயே யார் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

வந்தது ஆச்சியின் வாயால். "அந்தச் சிவகங்கை ஆளுதாம்மா. கார்ல வந்து எடுத்துட்டுப் போனாரு. இந்தப் பொட்டியக் கொண்டாந்து மாட்டுனதும் அவருதேன். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நான் பெயிண்டு அடிக்கிறாக, தூங்குறாகன்னு வாசல்ல நின்னு பொய் சொல்லுறது? நெஞ்சு அடிச்சுக்குது எனக்கு."

அன்றைக்குப் போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் பானு ஒரு காரியம் செய்தாள். அதை அவள் சாதிக்கிடம்கூடச் சொன்னதில்லை. காந்த வளைய மெமரிக்கு ஒரு குணம் உண்டு: கரண்ட் போனாலும் கடைசியாக அதில் இருந்தது அழியாது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். போர்டைத் தன் மிஷினில் செருகி, முன்பலகைச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, தேதி இருக்கிற இடத்தை எட்டி, விளக்குகளைப் படித்தாள். பங்குனி மாதத்து நாள். பிற்பகல். அவர் வீட்டில் ஷூட்டிங் நடந்த அதே நாள்.

சொன்னது உண்மைதான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அழாத குறையாக ஒப்புக்கொண்ட மனுஷனையும் சோதித்துப் பார்த்தேனே என்றுதான் இருந்தது. ஆனால் சோதிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமரப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு அவளும் சாதிக்கும் சிவகங்கைக்குப் போனார்கள். குமரப்பன் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

முத்துராமன் அவர்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "வாங்க வாங்க," என்று உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். அவருடைய மிஷின் முன்னறையிலேயே இரைந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டில் இரண்டாவது டிஸ்க்.

"அவரே குடுத்தாரு பானு. கேட்டுப் பாருங்க," என்றார்.

"குடுத்தேன்," என்றார் குமரப்பன், கப்பைப் பார்த்துக்கொண்டே. "பொட்டி மாட்டிவிட்டாரு. யாருக்கும் சொல்ல மாட்டேன்னாரு. நான் குடுத்தேன்."

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" முத்துராமனின் குரலில் கோபமில்லை, பாடம் நடத்துகிற தொனிதான் இருந்தது. "எல்லாருமாச் சேர்ந்து இவரை வெளிய தள்ளியிருப்பீக. ஒரு மிஷின் போனா இன்னொண்ணு போகும். கூட்டம் கலைஞ்சிரும். நான் கலையாமப் பாத்துக்கிட்டேன். அந்த டிஸ்க்கும் அந்த ரூமுல கெடந்தா இந்நேரம் எலி கடிச்சிருக்கும்."

"அப்ப மூட்டை கட்டி வச்சிருக்கலாமே சார். உங்க மிஷின்ல எதுக்கு ஓடுது?"

"ஓட்டாம வச்சா செத்துப்போயிரும். உங்களுக்குத் தெரியாததா?"

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. பானு காபியைக் கீழே வைத்தாள்.

"வைகாசியில குரூப்புல போட்டோ போட்டீகளே சார். ரெண்டாவது டிஸ்க்கு கிடைச்சிருக்குன்னு. கோயம்புத்தூர்ல பழைய சாமான் கடையில எடுத்தேன்னு எழுதுனீக. நாங்கள்லாம் வாழ்த்துச் சொன்னோம். குமரப்பண்ணனும் சொன்னாக. அதை ஏன் எழுதுனீக?"

முத்துராமன் வாயைத் திறந்தார். மிஷின் இரைந்தது. உள்ளே அவர் மனைவி தாளிக்கிற வாசனை வந்தது.

எழுந்து மிஷினிடம் போனார். ஒவ்வொரு கட்டளையாகக் கொடுத்து முறைப்படி நிறுத்தினார். டிஸ்க் சுழற்சி ஓயும்வரை அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே டிஸ்க்கைப் படிக்கிற முள் அசையாதபடி பூட்டி, வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டி, பழைய போர்வையை மடித்துக் காரில் விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். சாதிக்கும் அவருமாகத் தூக்கினார்கள். "பள்ளத்துல மெதுவாப் போங்க. திருப்பத்தூர் ரோடு மோசம்," என்று சாதிக்கிடம் சொன்னார். களவாண்ட பொருளைத் திருப்பிக் கொடுப்பவனின் அவசரம் இல்லை அதில். குழந்தையை ஊருக்கு அனுப்புகிற கவனம் இருந்தது. பானு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த ஆளை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வீடு திரும்பியதும் குமரப்பன் முக்காலியிலிருந்த பெட்டியின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். பச்சைப் புள்ளி சிவப்பானது. பிறகு ஒற்றை விரலால் தட்டித்தட்டி, நடந்தது முழுவதையும் குரூப்பில் எழுதினார். முத்துராமன் பெயரை எழுதவில்லை. பானுவும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் முத்துராமனின் இரண்டாவது டிஸ்க் இப்போது எங்கே என்று பெங்களூர்க்காரர் கேட்ட நிமிஷத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ரெண்டு மூன்று நாள் குரூப்பு கொதித்தது. தள்ளிவைக்க வேண்டும் என்றார்கள் சிலர். பாவம், வயசானவர் என்றார்கள் சிலர். அப்புறம் ஒருவர், எல்லோரும் அவரவர் மிஷினை வீடியோவில் காட்டினால் என்ன என்று எழுதினார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் காட்டினார்கள். காட்டி முடித்த பிறகு முன்னைப் போல யாரும் செஸ் ஆடவில்லை. முத்துராமன் விலகவும் இல்லை, பேசவும் இல்லை. அவர் மிஷின் மட்டும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

"மிஷினை எங்க வீட்டு மாடிக்குக் கொண்டாந்துருங்கண்ணே," என்றாள் பானு. "எங்கிட்ட சாமானும் இருக்கு. சேர்ந்து பாப்போம்."

"என் வீட்டுல வச்சே பாக்கலாமேம்மா?"

"வேணாம். இங்கயே இருக்கட்டும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாலு ஆள் பிடித்து மாடியேற்றினார்கள். இப்போது குமரப்பன் காலையில் வந்துவிடுகிறார். தின்னரையும் பல் துலக்குகிற பிரஷையும் வைத்துக்கொண்டு தங்கப் பெயிண்டைத் தேய்க்கிறார். ஒரு சுவிட்சைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகிறது. நெளிந்த தகட்டை சாதிக் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். விளக்குகளைப் பானு ஒன்றொன்றாக மாற்றுகிறாள். பழையபடி சிரித்துப் பேசவும் செய்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது குமரப்பன் கடை வழியாகத்தான் இறங்கிப் போக வேண்டும். கல்லாவுக்கு எதிரே வந்ததும் ஒரு கணம் நிற்பார். தோளில் தொங்கும் துணிப்பையின் வாயைத் தானாகவே விரித்துப் பிடிப்பார். உள்ளே கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு. அப்படிச் செய்யுங்கள் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. "ஐயோ, என்னண்ணே இது, மூடுங்க" என்று சொல்லத்தான் பானு ஒவ்வொரு நாளும் வாயெடுக்கிறாள். அதற்குள் அவள் கண் பைக்குள் போய்வந்துவிடுகிறது.